ரோமர் 13-ஐக் காட்டி அதிகாரியிடம் கணக்குக் கேட்காமல் இருக்கலாமா?

2025 மார்ச் 9

மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியிலிருந்து ஒரு தம்பி எழுதியதை முதலில் போடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.

"அதிகாரத்தில் இருப்பவர்களைக் கடவுள்தான் ஏற்படுத்தினார் என்று ரோமர் 13 சொல்கிறது. ஆகவே அவர்கள் கடவுளுக்கு மட்டும்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் காசு கேட்டாலும், பைலை மாதக்கணக்கில் வைத்திருந்தாலும், கிறிஸ்தவன் ஜெபித்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். முறைப்பாடு, போராட்டம் எல்லாம் விசுவாசக் குறைவு."

தம்பி, முதல் வசனத்தோடு நிற்காமல் நாலாம் வசனம் வரைக்கும் போங்கள். முதல் வசனம் எங்களுக்கு, கீழ்ப்படியச் சொல்கிறது. நாலாம் வசனம் கதிரையில் இருப்பவன் யாரென்று சொல்கிறது: அவன் தேவனுடைய ஊழியக்காரன், உன் நன்மைக்காக வைக்கப்பட்டவன். ஊழியக்காரன் என்றால் எஜமான் ஒருவர் இருக்கிறார், அவர் கணக்குக் கேட்பார். நான் அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன், கூடுதலான காலம் காணிப் பகுதியில். கணக்காய்வாளர்கள் விளக்கம் கேட்டு அனுப்பும் ஐயவினா ஒன்று வந்தால் கந்தோர் முழுக்க எப்படி வியர்க்கும் என்று எனக்குத் தெரியும். பைல் மூடி வருடங்கள் ஆனாலும் அது வரும், கையெழுத்து வைத்தவரின் பெயருக்கே வரும். ரோமர் 13 எனக்கு அப்படித்தான் வாசிக்கிறது. பொதுமகனைவிட அதிகாரிதான் அந்த வேதப் பகுதியைப் பயந்து வாசிக்க வேண்டும்.

இன்னொன்று. அதை எழுதிய பவுல் என்ன செய்தார்? பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் சத்தமில்லாமல் போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், எங்களைப் பகிரங்கமாக அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். வந்தார்கள். பிறகு செசரியாவில் ஆளுநர் பெஸ்துவுக்கு முன்னால், ரோமப் பேரரசனான இராயனுக்கே மேன்முறையீடு செய்தார். இந்த மனிதரையா முறைப்பாடு செய்யாதவர் என்று சொல்கிறீர்கள்?

மார்ச் 9, இரவு

அப்போஸ்தலர் 23-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார் ஒருவர். அனனியாவை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று பேசிய பவுல், அவர் பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும் பின்வாங்கினாரே என்கிறார். சரி, நல்ல கேள்வி. பின்வாங்கியது ஏச்சை. நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாக என்னை அடிக்கச் சொல்கிறாயே என்ற குற்றச்சாட்டை அவர் திரும்ப எடுக்கவில்லை. கவுண்டரில் நின்று அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளையை வாய்க்கு வந்தபடி பேசுவது வேறு, எழுத்தில் முறைப்பாடு கொடுப்பது வேறு.

மார்ச் 12

பேலிக்ஸ். இந்தத் தவக்காலத்தில் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பவன் இவன்தான், பிரசங்கங்களில் இவனைப் பற்றி நான் அதிகம் கேட்டதில்லை. அப்போஸ்தலர் 24. யூதேயாவின் ஆளுநர். பவுல் அவனுடைய காவலில் இருக்கிறார். பேலிக்ஸும் மனைவி துருசில்லாளும் பவுலைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பவுல் பேசியது மூன்று விஷயம்: நீதி, இச்சையடக்கம், வரப்போகிற நியாயத்தீர்ப்பு. பேலிக்ஸ் பயந்துவிடுகிறான். பயந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? குற்றம் இல்லாதவனை விட்டிருக்க வேண்டும். அவன் சொன்னது, இப்போது நீ போ, எனக்கு நேரம் வரும்போது கூப்பிடுகிறேன் என்று.

அடுத்த வசனத்தைப் பாருங்கள். பவுல் காசு தருவார் என்று எதிர்பார்த்து அவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தானாம். இரண்டு வருடம் போனது. இடமாற்றம் வந்தது, பெஸ்து வந்தான். போகும்போது ஆட்களைத் திருப்திப்படுத்த பவுலைக் கட்டுகளிலேயே விட்டுவிட்டுப் போனான்.

இதில் அடியும் இல்லை, கொலையும் இல்லை, பொய்த் தீர்ப்பும் இல்லை. கேட்டு வாங்கிய இலஞ்சம்கூட இல்லை. தாமதம் மட்டும்தான். பைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதனை அலைய விடுவது. வேதம் அதை எழுதி வைத்திருக்கிறது, காரணத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறது. காசு வாங்கவில்லையே, ஆகவே என் கை சுத்தம் என்று சொல்கிற உத்தியோகத்தர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் வாங்கவில்லை, உண்மை. ஆனால் தெரிந்த ஆள் வந்தால் பதினைந்து நிமிடத்தில் முடிகிற அனுமதிப்பத்திர வேலை, வாகரையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனுசிக்கு மழைக்காலம் முழுக்க முடியாது. அவள் போகும்போது சொல்வாள், "விடு மனே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." அதைக் கேட்டவர் நிம்மதிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். நிம்மதிப்படுகிற வசனமா அது? மேலிடத்துக்கு முறைப்பாடு பதிவாகிவிட்டது.

மார்ச் 13

பேலிக்ஸ் மட்டக்களப்பில்தான் பயிற்சி எடுத்திருப்பான் என்று களுவாஞ்சிக்குடி நண்பர் எழுதியிருக்கிறார். சிரித்தேன். ஆனால் நல்லவர்களும் அதே கந்தோர்களில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு எழுத வேண்டும்.

அதற்கு முன் ஆரையம்பதி தங்கச்சியின் கேள்வி. அவர் முகாமைத்துவ உதவியாளர். மேலே இருப்பவர் சொன்னதைத்தானே நாங்கள் தட்டச்சு செய்கிறோம், கடவுள் எங்களிடம் என்ன கேட்கப் போகிறார் என்கிறார்.

1 இராஜாக்கள் 21-ஐ வாசியுங்கள் தங்கச்சி. நாபோத்தின் திராட்சத் தோட்டம். அரசன் ஆகாபுக்கு ஆசை, அரசி யேசபேலுக்குத் திட்டம். ஆனால் அது காகிதத்தில்தான் நடந்தது. ஆகாபின் பெயரில் கடிதம், ஆகாபின் முத்திரை. கடிதம் கிடைத்த ஊர்ப் பெரியவர்கள் அதில் எழுதியிருந்தபடியே செய்தார்கள் என்று வேதம் சொல்கிறது. உபவாசம் கூப்பிட்டார்கள், பொய்ச்சாட்சி இரண்டு பேரை இருத்தினார்கள், நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். முடிந்ததும் அறிக்கையும் அனுப்பினார்கள். யாராவது ஒருவர் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்து, இது பொய் என்று சொல்லியிருந்தால்? ஏசாயா 10-இன் தொடக்கத்தில், அநியாயமான கட்டளைகளை எழுதுகிறவர்களுக்கும் ஐயோ என்று இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு.

அதற்காக எல்லாருக்கும் ஒரே அளவு என்று சொல்ல மாட்டேன். பிலாத்துவிடம் இயேசு சொன்னதைப் பாருங்கள்: மேலிருந்து கொடுக்கப்படாவிட்டால் உமக்கு என்மேல் அதிகாரம் இராது, என்னை உம்மிடம் ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவம் உண்டு. கூடக் குறைய இருக்கிறது. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாய்மொழிக் கட்டளையை எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டதும் பல கட்டளைகள் மறைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 20

சின்னது. மெதடிஸ்த நண்பர் ஒருவர் லூக்கா 12:48-ஐ நினைவுபடுத்துகிறார், அதிகம் கொடுக்கப்பட்டவனிடம் அதிகம் கேட்கப்படும். எங்கள் கத்தோலிக்கப் பைபிளில் சாலமோனின் ஞானம் 6-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பதிப்பில் அந்த நூல் இருக்காது. அங்கே அரசர்களையும் நீதி வழங்குவோரையும் கூப்பிட்டு நேரடியாகச் சொல்லப்படுகிறது: எளியவனுக்கு இரக்கத்தால் மன்னிப்பு உண்டு, வல்லவன் கடுமையாகச் சோதிக்கப்படுவான். பதவி உயர்வுக்கு நன்றிப் பூசை வைக்கும்போது இந்த வாசகத்தை எடுத்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மார்ச் 22

நல்லவர்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் இருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று கிழக்குக்கு விதி வந்தது, தெற்கில் அது 100 மீட்டர்தான். நாவலடிப் பக்கம் வீடே இல்லாமல் போனவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுக்கப் பட்டியல் போட்டார்கள். உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, எல்லாம் கடலோடு போய்விட்டது. கணவனையும் பிள்ளைகளையும் இழந்த ஒரு மனுசியின் பெயர் பட்டியலில் விடுபட்டது. பட்டியல் மூடியாயிற்று என்று மேலே சொல்லிவிட்டார்கள். எங்களோடு வேலை செய்த ஓர் இந்துப் பெண் உத்தியோகத்தர் அதை விடவில்லை. பழைய வாக்காளர் இடாப்பைத் தேடி எடுத்தார், அயலில் இருந்து உயிர் தப்பியவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்கினார், கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, தானே கொண்டுபோனார், திருப்பி அனுப்பினார்கள், மறுபடி கொண்டுபோனார். ஏன் இவ்வளவு என்று ஒருவர் கேட்டபோது, "நாளைக்கு நான் அங்க போய் என்ன சொல்ற?" என்றார். அங்கே என்று மேலே காட்டினார்.

இதை எழுதக் காரணம், கடவுளுக்குக் கணக்கு என்பது கிறிஸ்தவ உத்தியோகத்தருக்கு மட்டும்தானே என்று ஒருவர் கேட்டிருப்பது. இல்லை. ஆமோஸ் முதல் இரண்டு அதிகாரங்களில் கடவுள் தமஸ்குவையும் காசாவையும் ஏதோமையும் அம்மோனையும் மோவாபையும் விசாரிக்கிறார். அவர்களிடம் மோசேயின் சட்டம் இல்லை. கர்ப்பிணிகளைக் கீறியதற்கும் மக்களைச் சிறைபிடித்து விற்றதற்கும்தான் விசாரணை. மனச்சாட்சிக்குத் தெரிந்த குற்றங்கள். ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் திகதியும் கொடிக்குக் கீழே நின்று எல்லா மதத்தவரும் அரச சேவை உறுதிமொழி எடுக்கிறோமே, அந்த வார்த்தைகளை ஆண்டவர் கேட்காமல் விடுவாரா?

ஏப்ரல் 2

கடுமையான கேள்வி, தனி மடலில் வந்தது, ஆளைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன். சேவைக்காலத்தில் வாங்கியிருக்கிறார். இப்போது மனம் உறுத்துகிறது. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டார். கோயில் திருவிழாவுக்கு ஒரு தொகை கொடுத்தால் சரியாகுமா?

நான் குருப்பட்டம் பெற்ற சுவாமி இல்லை, மன்னிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் திருச்சபையின் போதனை தெளிவாக இருக்கிறது: களவாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை மன்னிப்புக் கிடைத்தாலும் போகாது. லேவியர் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது, அதுவும் பலி செலுத்துவதற்கு முன்னால். சகேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பினான். அவன் வரி அதிகாரி, எங்களைப் போல ஆள். இயேசு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று சொன்னது அவன் இதை வாய்திறந்து சொன்ன பிறகு.

யாரிடம் வாங்கினீர்கள் என்று நினைவிருந்தால் அவரிடமே கொடுங்கள். ஆள் இறந்திருந்தால் பிள்ளைகளிடம். கொடுக்க உறவே இல்லை என்றால் அது கடவுளுக்குச் சேரட்டும் என்று எண்ணாகமம் 5 வழி சொல்கிறது. ஏழைகளுக்குக் கொடுப்பதுதான் அதற்கு நேரான வழி என்று நான் நினைக்கிறேன். ஆனால் திருவிழா மேடையில் உபயகாரர் என்று பெயர் வாசிக்க வைத்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சீராக்கின் ஞானம் 34-இல் ஒரு வசனம் இருக்கிறது: ஏழையின் உடைமையை எடுத்துக் காணிக்கை கொடுப்பவன், தகப்பன் கண்ணுக்கு முன்னால் மகனைக் கொல்பவனைப் போன்றவன். 1514-இல் கியூபாவில் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குரு பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்யும்போது இந்தப் பகுதியை வாசித்தார். அவரே ஸ்பானிய அரசு கொடுத்த நிலத்தையும், அதில் கட்டாய வேலை செய்யும் பூர்வகுடிகளையும் வைத்திருந்தவர். வாசித்தவர் அதை விட்டுக்கொடுத்தார், மீதி வாழ்நாளை அந்த மக்களுக்காக அரச சபையில் வாதாடிக் கழித்தார். ஒரு வசனம் ஒரு மனிதனை அவ்வளவு தூரம் கொண்டுபோகும்.

ஐயா, நீங்கள் கேட்டதே ஆண்டவர் உங்களைத் தேடுவதால்தான் என்று நான் நம்புகிறேன். மெதுவாகத் தொடங்குங்கள், ஆனால் தொடங்குங்கள்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

இந்த வருடம் லூக்கா எழுதிய இயேசுவின் பாடுகளை வாசித்தார்கள். பிலாத்து கைகழுவுவது இதில் இல்லை, அது மத்தேயுவில் மட்டும்தான். லூக்காவில் வேறொன்று இருக்கிறது. இவர் கலிலேயர் என்று கேள்விப்பட்டதும் பிலாத்து ஏரோதிடம் அனுப்பிவிடுகிறான், அது ஏரோதின் எல்லை. ஏரோது கேலி செய்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறான். மூன்று தரம் இவரில் குற்றம் காணவில்லை என்று சொல்லிவிட்டுப் பிலாத்து கொல்ல ஒப்புக்கொடுக்கிறான். அன்றைக்கு இரண்டு அதிகாரிகளும் சிநேகிதரானார்களாம், அதற்கு முன் பகைவர்கள். "இது எங்கட பிரிவு இல்ல, அங்க கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பேரை என் மேசைக்கு முன்னால் கண்டிருக்கிறேன். வாசகம் முடியும்வரை அவர்களுடைய முகங்கள்தான் வந்தன.

ஏப்ரல் 21

உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு ஆறு வருடம். காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் பக்கம் போய் வந்தேன். 2019-இல் அந்த உயிர்த்த ஞாயிறு ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற குழந்தைகள். அதற்கு மேல் அதை விவரிக்க என்னால் முடியாது. திரும்பி வந்து சாப்பிட்டு இருந்தபோது பாப்பரசர் பிரான்சிஸ் காலமான செய்தி வந்தது. நாளே கனமாகிவிட்டது.

இந்த இழையில் இதைப் பேசாமல் விட முடியாது. குண்டு வைத்தவர்கள் செய்தது ஒன்று. அது வரப்போகிறது என்று 2019 ஏப்ரல் 4-ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியது இன்னொன்று. 2022 பெப்ரவரியில் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவையும் முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவையும் குற்றவியல் வழக்கில் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2023 ஜனவரி 12-ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்கில் வேறு விதமாகப் பார்த்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா, ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் 7.5 கோடி வீதம், பெர்னாண்டோ 5 கோடி, தேசியப் புலனாய்வின் முன்னாள் தலைவர் சிசிர மெண்டிஸ் 1 கோடி, தங்கள் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்றது. அவர்கள் செய்ததற்காக அல்ல, செய்யாமல் விட்டதற்காக. யாக்கோபு 4:17 சொல்வதும் இதைத்தான்: நன்மை செய்ய அறிந்திருந்தும் செய்யாதவனுக்கு அது பாவம். பணம் எந்தப் பிள்ளையையும் திருப்பித் தராது. ஆனாலும் நாட்டின் தலைமைக் கதிரையில் இருந்தவரைப் பார்த்து, தெரிந்திருக்க வேண்டியது உன் கடமை என்று நீதிமன்றம் சொன்னது சின்ன விஷயம் அல்ல.

ஏப்ரல் 23

மன்னிப்பதுதானே கிறிஸ்தவம், ஏன் வழக்கு என்று கேட்கிறீர்கள். தாயொருத்தி மன்னிக்கலாம், அது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையில். அவளுக்காக நானோ நீங்களோ மன்னிக்க முடியாது. அடுத்தது, மன்னிப்பு விசாரணையை நிறுத்துவதில்லை. 390-இல் தெசலோனிக்கேயில் பேரரசன் தியோடோசியுஸின் படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மிலான் ஆயர் அம்புரோஸ் அவனுக்கு எழுதினார், நீ மனந்திரும்பும்வரை உனக்கு முன்னால் பலி ஒப்புக்கொடுக்க மாட்டேன் என்று. பேரரசன் எல்லாருக்கும் முன்னால் தவம் செய்தான். அம்புரோஸ் அவனை வெறுக்கவில்லை, அவனுடைய ஆத்துமா கெட்டுப்போகக்கூடாது என்றுதான் தடுத்தார். அதிகாரியைக் கேள்வி கேட்பது அவருக்குச் செய்கிற அன்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

மட்டக்களப்பில் எங்கள் பேராலயத்திலேயே 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டமா அதிபர் தொடராததால் அந்த வழக்கு 2021-இல் முடிந்தது. அங்கே பூசைக்கு இருக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும். இதற்கு மேல் எழுத இன்று முடியவில்லை.

மே 4

நாளை மறுநாள் உள்ளூராட்சித் தேர்தல். இரண்டு வேட்பாளர்கள் பூசை முடிந்து வாசலில் நின்று கும்பிட்டார்கள். தப்பில்லை. ஆனால் வாக்குப் போடுகிறவனுக்கும் கணக்கு உண்டு என்று யாராவது அவர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ரோமர்களுக்கு இராயனைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. எங்களுக்கு வாக்குச்சீட்டில் போடும் அந்தப் புள்ளடி இருக்கிறது. வடிகான், குப்பை, தெரு விளக்கு, சந்தைக் கடை வாடகை, இதெல்லாம் பிரதேச சபையில்தான் முடிவாகிறது, இலஞ்சம் ஏழைக்கு முதலில் தட்டுப்படுவதும் இங்கேதான்.

மே 11

முதலில் எழுதிய செங்கலடித் தம்பி திரும்ப வந்திருக்கிறார். அவருடைய தாயின் காணி அனுமதிப்பத்திர விண்ணப்பம் ஒரு கந்தோரில் நிற்கிறதாம், இப்போதுதான் சொல்கிறார். பொறுப்பான உத்தியோகத்தர் அவர்களுடைய திருச்சபையிலேயே இருப்பவராம். சகோதரனுக்கு எதிராக அவிசுவாசிகளிடம் போகக்கூடாது என்று 1 கொரிந்தியர் 6 தடுக்கிறதே என்று கேட்கிறார்.

தம்பி, அங்கே பவுல் கடிந்துகொள்வது சகோதரர்கள் இருவரும் தங்கள் சொந்த வழக்கோடு நீதிமன்றம் போவதை. உத்தியோகத்தர் உங்கள் அம்மாவின் விண்ணப்பத்தைச் சபையில் வைத்து வாங்கவில்லை, அரசாங்கத்தின் கதிரையில் இருந்து வாங்கினார். முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், மத்தேயு 18 சொல்கிறபடி. கேட்காவிட்டால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். விண்ணப்பம் என்ன நிலையில், எந்தத் திகதியில் யாரிடம் போனது என்று மட்டும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காசு கேட்டிருந்தால் அது வேறு விஷயம், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

லூக்கா 18-இல் வருகிற விதவை அந்த நீதிபதிக்காக ஜெபித்தாளா என்று தெரியாது, ஆனால் திரும்பத் திரும்பப் போனாள், அதைத்தான் இயேசு எடுத்துச் சொன்னார். அம்மாவிடம் விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு இருக்கும், அதில் உள்ள இலக்கத்தைக் கடிதத்தின் தலைப்பில் போடுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பதிவுத் தபாலில் போடுங்கள், கையில் கொடுக்க வேண்டாம்.